ஸ்லாட் பொருத்தம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது தூங்குகிறதா? இருந்தால் இறக்கிக் கீழே வையுங்கள். தூசு தட்டுவதெல்லாம் அப்புறம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். பெரிய அட்டை ஒன்று தெரிகிறதா? அதுதான் மதர்போர்டு. அதன்மேல் சீப்பு மாதிரி நீள நீளமாகச் சில பள்ளங்கள் தெரியும். அவைதான் ஸ்லாட்டுகள்.

இந்த வாரக் கதையில் ஹீரோ, வில்லன் எல்லாமே அந்தப் பள்ளங்கள்தான்.

போன மாதம் என் அக்கா பையன் ஒரு காரியம் செய்தான். சேர்த்து வைத்திருந்த காசையெல்லாம் போட்டுப் புத்தம் புது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி வந்தான். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் செருகினான். 'க்ளிக்' என்று கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டான். காற்றாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கும்மிருட்டு.

"மாமா, ஃபிட் ஆகுது. ஆனா வேலை செய்ய மாட்டேங்குது" என்று போன் பண்ணினான். அழாத குறை.

நான் பி.காம். படித்தவன். வரவு எது, செலவு எது என்று கேட்டால் சொல்வேன். மதர்போர்டைப் பற்றிக் கேட்டால் முழிப்பேன். ஆனாலும் அவன் கேள்வி விடாமல் குடைந்தது. உள்ளே கச்சிதமாகப் போகிற பொருள் ஏன் வேலை செய்யக்கூடாது?

தேடிப் போனால், இந்தக் கேள்விக்கு நாற்பது வயசுக்கு மேல் ஆகிறது. அது மட்டுமல்ல. இதே கேள்வியில் தப்பாக ஒரு முடிவெடுத்ததால் உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று, தான் பெற்ற பிள்ளையின் குடுமியைக் கைநழுவ விட்டிருக்கிறது.

முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

1981 ஆகஸ்ட் 12. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஐ.பி.எம். தன்னுடைய 'பர்சனல் கம்ப்யூட்டரை' அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 1,565 டாலர். ஃப்ளோரிடா மாகாணத்தில் போகா ரேடன் என்கிற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழு சுமார் ஒரு வருஷத்தில் உருவாக்கிய இயந்திரம் அது. நேரமில்லை. அதனால் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துகொண்டிருக்கவில்லை. மூளையை இன்டெல்லிடம் வாங்கினார்கள். மென்பொருளை மைக்ரோசாஃப்டிடம் வாங்கினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் திரையில் ஒரு புள்ளிகூட வைக்கத் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும். ஐ.பி.எம். இரண்டு வகைக் கார்டுகள் கொடுத்தது. ஒன்று, எம்.டி.ஏ. வெறும் எழுத்து மட்டும், அதுவும் ஒரே நிறத்தில். இன்னொன்று, சி.ஜி.ஏ. படம் போடும், 320க்கு 200 புள்ளிகளில் நான்கே நான்கு நிறங்களில். மொத்த நினைவகம் 16 கிலோபைட். இன்றைக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூட அதற்குள் நெளிந்துதான் உட்காரும்.

இந்தக் கார்டுகளைச் செருகுவதற்காக மதர்போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றிலும் 62 தொடுமுனைகள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐ.பி.எம். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு தொழில்நுட்பக் கையேடு போட்டது. சர்க்யூட் படம் முதல் பயாஸ் என்கிற அடிப்படை நிரலின் வரிகள் வரை அதில் அச்சாகியிருந்தன. வீட்டுச் சாவியின் அச்சை ஊருக்கே விநியோகித்த மாதிரி. யார் வேண்டுமானாலும் அந்த ஸ்லாட்டுக்குப் பொருந்துகிற கார்டு செய்யலாம், விற்கலாம், சம்பாதிக்கலாம்.

செய்தார்கள். அதில் ஒருவர் கதை நமக்கு ரொம்ப நெருக்கமானது.

வான் சுவன்னுகுல். தாய்லாந்துக்காரர். அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்பு. தன்னுடைய ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் அடிக்க வேண்டும். எம்.டி.ஏ. கார்டோ, அதன் சிப்பில் ஏற்கெனவே பதிந்து வைத்த எழுத்துகளை மட்டும்தான் காட்டும். வளைவும் சுழியுமாக இருக்கிற தாய் எழுத்துக்கு அதில் இடமேது? (நம் தமிழுக்கும்தான் இல்லை.) மனிதர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. தானே ஒரு கார்டை வடிவமைத்துவிட்டார். 1982-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த அந்தக் கார்டின் பெயர் ஹெர்குலிஸ். அதே ஒற்றை நிற மானிட்டரில் 720க்கு 348 புள்ளிகள். கணக்கர்கள் கொண்டாடிய லோட்டஸ் 1-2-3 மென்பொருள் அதை ஆதரித்ததும் ஹெர்குலிஸ் சக்கைப்போடு போட்டது. திறந்த ஸ்லாட் இல்லையென்றால் இது நடந்திருக்குமா?

ஆனால் திறந்த ஸ்லாட்டிலும் ஒரு குட்டிச்சாத்தான் ஒளிந்திருந்தது.

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது பயாஸ். 1981-ல் வந்த போர்டுகளின் பயாஸுக்குத் தெரிந்தது இரண்டே கார்டுகள். எம்.டி.ஏ., சி.ஜி.ஏ. அவ்வளவுதான். மூன்றாவதாக ஒருத்தன் வந்து நின்றால் அவனுக்கு அது திரும்பியே பார்க்காது. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட புது பயாஸில்தான் ஐ.பி.எம். ஒரு நல்ல பழக்கத்தைச் சேர்த்தது. கண் விழித்ததும் ஒவ்வொரு இடமாகப் போய், "இங்கே யாராவது சொந்த நிரலோடு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்பது. கார்டு, '55 ஏஏ' என்கிற அடையாளக் குறியைக் காட்டினால், "சரி, நீயே உன்னை அறிமுகப்படுத்திக்கொள்" என்று வழிவிடுவது.

1984-ல் இ.ஜி.ஏ. என்ற கார்டு வந்தது. 16 நிறங்கள், சொந்த நிரல். அதை வாங்கி 1981 போர்டில் செருகினால் என்ன ஆகும்? கச்சிதமாகப் பொருந்தும். திரை வராது. போர்டுக்குக் கேட்கிற பழக்கமே இல்லையே. தீர்வாக, ஐ.பி.எம். புது பயாஸ் சிப்பைத் தனியாக விற்றது. பழைய சிப்பைப் பிடுங்கிவிட்டுப் புதிதைப் பொருத்த வேண்டியது.

ஆக, என் அக்கா பையனின் வியாதி 1984-லேயே இருந்திருக்கிறது. மருந்தும் இருந்திருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கே திரும்பி வருவோம்.

அதே 1984-ல் ஐ.பி.எம். இன்னொரு புத்திசாலித்தனமான வேலையும் செய்தது. 'ஏ.டி.' என்ற புது மாடல் வந்தது. 8 பிட் ஸ்லாட் போய் 16 பிட் ஸ்லாட். ஆனால் பழைய 62 முனை ஸ்லாட்டை எடுக்கவில்லை. அதன் வாலில் 36 முனைகள் கொண்ட குட்டி ஸ்லாட்டை ஒட்டவைத்தார்கள். பழைய கார்டு முன்பகுதியில் மட்டும் உட்காரும். புது கார்டு இரண்டிலும் உட்காரும். பழைய வீட்டை இடிக்காமல் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டின மாதிரி. வாடிக்கையாளருக்குக் காலணா நஷ்டமில்லை.

எங்கள் கணக்குப் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்குத் தனி விலை உண்டு. 'இந்தக் கடைக்காரன் நம்மைக் கைவிட மாட்டான்' என்கிற நம்பிக்கைதான் அது. ஐ.பி.எம். அந்தக் கணக்கில் நிறைய வரவு வைத்திருந்தது.

அப்புறம் ஒரே நாளில் செலவு செய்தது.

காரணம், போட்டி. காம்பேக் என்ற கம்பெனி ஐ.பி.எம்.மின் பயாஸைப் பார்த்துக் காப்பியடிக்காமல், அது செய்கிற வேலையை மட்டும் தெரிந்துகொண்டு சொந்தமாக எழுதி, ஐ.பி.எம்.முக்கு இணையான கம்ப்யூட்டரை 1983 முதல் விற்க ஆரம்பித்தது. பின்னாலேயே ஒரு படை. 1986-ல் இன்டெல்லின் 386 சிப்பை வைத்து ஐ.பி.எம்.முக்கு முன்பே காம்பேக் கம்ப்யூட்டர் போட்டுவிட்டது. அசலைவிட நகல் வேகமாக ஓடினால் அசலுக்குக் கோபம் வருமா, வராதா?

1987 ஏப்ரல் 2. ஐ.பி.எம். பி.எஸ்/2 வரிசையை அறிமுகப்படுத்தியது. அதன் முக்கிய மாடல்களில் பழைய ஸ்லாட்டுகள் ஒன்றுகூடக் கிடையாது. புத்தம் புதிதாக மைக்ரோ சானல் என்ற ஸ்லாட். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சரக்குதான். 32 பிட் வரை போகும். கார்டில் குட்டி குட்டி ஜம்பர்களைக் கையால் மாற்றிக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பழைய கார்டு எதுவும் உள்ளே போகாது. காசு கொடுத்து வாங்கின கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் குப்பை. அடுத்த இடி, இந்த ஸ்லாட்டை வேறு கம்பெனிகள் பயன்படுத்த வேண்டுமானால் ஐ.பி.எம்.முக்கு ராயல்டி கட்ட வேண்டும். ஊருக்கு அச்சுப்போட்டுக் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பூட்டையே மாற்றிவிட்டார்கள்.

விடுவார்களா?

1988 செப்டம்பரில் ஒன்பது கம்பெனிகள் ஒரே மேடையில் வந்து நின்றன. காம்பேக், ஹியூலெட் பேக்கார்டு, எப்சன், என்.இ.சி., ஒலிவெட்டி, டாண்டி, வைஸ், ஜெனித், ஏ.எஸ்.டி. ரிசர்ச். பத்திரிகைகள் வைத்த பெயர், 'ஒன்பது பேர் கும்பல்'. "நாங்கள் எங்களுக்கென்று ஒரு ஸ்லாட் செய்துகொள்கிறோம். அதில் பழைய கார்டும் வேலை செய்யும்" என்றார்கள். பெயர் இ.ஐ.எஸ்.ஏ. இரண்டு மாடி ஸ்லாட் அது. பழைய கார்டு மேல்மாடியோடு நின்றுவிடும். புது கார்டு கீழ்மாடி வரை இறங்கும்.

இதில் ஒரு குறும்பு பாருங்கள். அதுவரை ஐ.பி.எம்.மின் பழைய ஸ்லாட்டுக்கு 'ஏ.டி. பஸ்' என்று பெயர். இவர்கள் அதற்கு ஐ.எஸ்.ஏ. என்று புதுப் பெயர் சூட்டினார்கள். விரித்தால், 'தொழில்துறையின் பொது வடிவமைப்பு' என்று அர்த்தம். அப்பன் கைவிட்ட பிள்ளையை ஊர் தத்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் ஐ.பி.எம்.மே பழைய 16 பிட் ஸ்லாட்டோடு ஒரு பி.எஸ்/2 மாடலை வெளியிட்டது. வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

பி.எஸ்/2-வோடு வந்து பிழைத்தது எது தெரியுமா? அதில் அறிமுகமான வி.ஜி.ஏ. அதை மற்றவர்கள் பழைய ஸ்லாட்டுக்கு ஏற்ற கார்டுகளாகச் செய்து விற்றார்கள். அந்த 15 முனை வி.ஜி.ஏ. கேபிள் இன்றைக்கும் எத்தனையோ பள்ளிக்கூட புரொஜெக்டரில் தொங்குகிறது. மைக்ரோ சானல் எங்கே? அருங்காட்சியகத்தில்.

'அப்படியானால் பழசை அரவணைத்தவன் ஜெயிப்பான், உதறினவன் தோற்பான், கதை முடிந்தது' என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு உதைக்கிறது.

பழசை அரவணைத்த இ.ஐ.எஸ்.ஏ. ஜெயிக்கவில்லை. விலை அதிகம். சர்வர்களோடு நின்றுவிட்டது. 1992-ல் வெசா என்ற அமைப்பு வி.எல். பஸ் என்ற ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. விண்டோஸ் வந்து திரை முழுக்கப் படமாகிவிட்ட காலம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேகம் போதவில்லை. எனவே பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டின் வாலில் இன்னொரு வால். கார்டு ஒரு முழத்துக்கு நீண்டது. செருகுவதற்குள் போர்டே வளையும். அதுவும் 486 சிப்பின் நாடித்துடிப்போடு நேரடியாகக் கட்டப்பட்ட ஏற்பாடு. பென்டியம் வந்ததும் கூடவே உடன்கட்டை ஏறிவிட்டது.

ஜெயித்தது யார்? இன்டெல் 1992-ல் வெளியிட்ட பி.சி.ஐ. பழைய கார்டு அதில் நுழையவே நுழையாது! அப்புறம் எப்படி ஜெயித்தது?

இரண்டு காரணம். ஒன்று, இன்டெல் அதைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பல கம்பெனிகள் சேர்ந்த பொது அமைப்பிடம் விட்டது. தர்ம சிந்தனை என்று நினைக்காதீர்கள். ஸ்லாட்டில் காசு பார்ப்பதைவிட, ஸ்லாட் பரவினால் விற்கிற சிப்பில் அதிகம் காசு பார்க்கலாம் என்ற கணக்கு. இரண்டு, மதர்போர்டு செய்தவர்கள் பி.சி.ஐ. ஸ்லாட்டுகளையும் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகளையும் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். கூட்டுக் குடும்பம். பழைய கார்டு பழைய இடத்தில், புது கார்டு புது இடத்தில். சுமார் ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியது. 2000 வாக்கில் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் புது போர்டுகளிலிருந்து மெல்ல மறைந்தபோது அழுவதற்கு ஆளே இல்லை.

விஷயம் இதுதான். பழசை ஒழிக்கலாம். ஆனால் நேற்று வாங்கினவனுக்கு அவகாசம் கொடுத்துவிட்டு ஒழிக்க வேண்டும். ஐ.பி.எம். அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. நஷ்டத்தை வாடிக்கையாளர் தலையில் எழுதியது.

அடுத்து வந்தது ஏ.ஜி.பி. 1997 முதல் போர்டுகளில் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே தனி ராஜபாட்டை. பி.சி.ஐ.யில் எல்லாக் கார்டும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய வேகம் நொடிக்கு 133 மெகாபைட். ஏ.ஜி.பி.யில் தனியொருவனுக்கே 266. பிறகு அதன் இரண்டு, நான்கு, எட்டு மடங்கு வரை போனது.

ஆனால் ஏ.ஜி.பி.யில்தான் விளையாட்டு வினையானது. முதலில் 3.3 வோல்ட். அப்புறம் 1.5 வோல்ட். கடைசியில் 0.8. தப்பான கார்டு நுழையாமலிருக்க ஸ்லாட்டில் ஒரு தடுப்பு, கார்டில் அதற்கேற்ற வெட்டு. இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டிலும் போகும். நல்ல ஏற்பாடுதானே? சில மலிவுக் கார்டுகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்குகிற சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே இரண்டு வெட்டும் போட்டுக்கொண்டு வந்தன. போலி ஜாதகம். 1.5 வோல்ட் மட்டுமே தெரிந்த பென்டியம் 4 போர்டு ஒன்றில் அதைச் செருகி ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டாவதோடு நிற்காது. போர்டே பரலோகம் போய்விடும்.

2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போர்டுகள் வந்தன. ஏ.ஜி.பி., எக்ஸ்பிரஸ், யு.எஸ்.பி. மூன்றின் பின்னாலும் இருந்த முக்கியமான மூளைகளில் ஒன்று நம் ஊர்க்காரருடையது. வதோதராவில் படித்துவிட்டு அமெரிக்கா போய் இன்டெல்லில் சேர்ந்த அஜய் பட். இந்த முறை பழைய பாடங்களையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் கார்டும் போர்டும் முதலில் பேசிக்கொள்ளும். "உனக்கு எவ்வளவு வேகம் தெரியும்?" "எத்தனை பாதை உனக்கு வேண்டும்?" இரண்டு பேருக்கும் முடிகிற அளவில் உடன்பாடு. 2007, 2010, 2017, 2019 என்று புதுப் புதுப் பதிப்புகள் வந்து வேகம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஸ்லாட்டின் வடிவம் மட்டும் மாறவேயில்லை. அந்த 2004-ன் டிசம்பரில்தான் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டர் தொழிலை லெனோவோவுக்கு விற்பதாக அறிவித்தது. கடன் பொறுப்புகளோடு சேர்த்து 1.75 பில்லியன் டாலர். அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் 1987 ஏப்ரலில் ஒரு பெரிய பற்று இருக்கும்.

சரி, ஸ்லாட்தான் மாறவில்லையே, அக்கா பையனுக்கு ஏன் திரை வரவில்லை?

இப்போதைய சிக்கல் வடிவத்தில் இல்லை, பேச்சில். பழைய பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்ற புது ஏற்பாடு பிடித்துவிட்டது. அந்த '55 ஏஏ' காலத்துப் பாஷை மட்டும் தெரிந்த கார்டு, புது போர்டில் ஊமை. புதுப் பாஷை மட்டும் தெரிந்த கார்டு, பழைய போர்டில் ஊமை. நடுவில் வந்த போர்டுகளுக்கு இரண்டும் தெரியும், ஆனால் அரைகுறையாக.

அவனைப் புது கார்டைக் கழற்றச் சொன்னேன். போர்டிலேயே இருக்கிற பழைய இணைப்பில் மானிட்டரை மாட்டச் சொன்னேன். போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான கடைசி பயாஸைத் தேடி ஏற்றச் சொன்னேன். கரன்ட் போய்விடக் கூடாதே என்று அக்கா சாமி படத்துக்கு முன் நின்றாராம். முடித்துவிட்டுக் கார்டைத் திரும்பச் செருகினான். திரை வந்துவிட்டது!

1984-ல் ஐ.பி.எம். கொடுத்த அதே மருந்து. அன்றைக்குச் சிப்பைப் பிடுங்கி மாற்றினார்கள். இன்றைக்குப் பென்டிரைவ்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் நான்கு விஷயம் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள். ஸ்லாட் தருகிற மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். பெட்டிக்குள் கார்டின் நீளம் கொள்ள வேண்டும். போர்டுக்குக் கடைசி பயாஸ் எப்போது வந்தது என்று தெரிய வேண்டும். கார்டுக்கு எத்தனை பாதை என்றும் பாருங்கள். 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 16 பாதை ஸ்லாட்டில் ஜம்மென்று உட்காரும். ஆனால் பயன்படுத்துவது 4 பாதைதான். நான்காம் பதிப்பு போர்டில் சமாளித்துவிடும். மூன்றாம் பதிப்பு போர்டில் அந்த நான்கு பாதையின் வேகமும் பாதியாகிவிடும். விலை குறைந்த கார்டை வாங்குவதே பழைய போர்டு வைத்திருப்பவன்தான். அவனுக்கே அதில் நஷ்டம் அதிகம்.

இங்கேதான் பழைய கேள்வி திரும்ப வருகிறது. புதுமைக்கு ஆகிற செலவை யார் கணக்கில் எழுதுவது? செய்கிறவன் கணக்கிலா, போன வருஷம் நம்பி வாங்கினவன் கணக்கிலா?

அக்கா பையனிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். "அதெல்லாம் சரி மாமா" என்றான். "உங்க பழைய கம்ப்யூட்டரும் பரண்ல சும்மாதானே கிடக்கு? அதுல என்ன ஸ்லாட் இருக்கு?"

இறக்கிக் கீழே வைத்திருக்கிறேன். இனிமேல்தான் திறந்து பார்க்க வேண்டும்.